ஷட்ஜம் நகரும் இசை: ஐரோப்பாவின் மூன்று காலங்கள்

(அறக்கட்டளைச் சொற்பொழிவின் அச்சு வடிவம். பியானோவில் வாசித்துக் காட்டிய இடங்களும் பதிவுகள் ஒலித்த இடங்களும் அடைப்புக்குறிக்குள் சுட்டப்பட்டுள்ளன.)



பரோக், செவ்வியல், ரொமான்டிக் ஆகிய மூன்று காலங்களின் இசை இயல்புகளைப் பற்றிப் பேசும்படி கேட்டிருக்கிறார்கள். ஆண்டுக் கணக்கு உங்களுக்குத் தெரிந்ததுதான். 1600 முதல் 1750 வரை பரோக், 1820 வரை செவ்வியல், அதன்பின் நூற்றாண்டின் இறுதி வரை ரொமான்டிக். பரோக் என்றால் அலங்காரம், செவ்வியல் என்றால் ஒழுங்கு, ரொமான்டிக் என்றால் உணர்ச்சி என்று பாடநூல்கள் கூடவே ஒரு குறிப்பும் தரும். தேர்வுக்கு அது உதவும். காதுக்கு உதவாது. பாக் எழுதிய மத்தேயு பாடுகளில் இல்லாத உணர்ச்சியா? பிராம்ஸிடம் இல்லாத ஒழுங்கா? அந்த அடைமொழிகளை இன்று ஒதுக்கிவைத்துவிட்டு, கர்நாடக இசை கேட்டுப் பழகிய எவரும் கேட்கக்கூடிய ஒரே ஒரு கேள்வியைக் கையில் எடுத்துக்கொள்கிறேன். இந்தக் கணத்தில் ஷட்ஜம் எங்கே இருக்கிறது?

நம் கச்சேரியில் இந்தக் கேள்விக்கே இடமில்லை. தம்பூரா மீட்டத் தொடங்கிய நொடியில் ஷட்ஜம் நிலைத்துவிடுகிறது, மங்களம் வரை அசையாது. ஐரோப்பிய இசையிலோ அந்த ஆதாரமே புறப்பட்டுப் போகிறது, வேறிடத்தில் தங்குகிறது, திரும்பி வருகிறது. அது எப்படிப் போகிறது, எவ்வளவு தூரம் போகிறது, திரும்புகிறதா இல்லையா என்பதில்தான் இந்த மூன்று காலங்களும் வேறுபடுகின்றன என்பது என் கருத்து.

(பியானோவில்: சங்கராபரணத்தின் ஆரோகண அவரோகணம்.)

இப்போது வாசித்தவை வெள்ளைக் கட்டைகள் மட்டுமே. நமக்குச் சங்கராபரணம், அவர்களுக்கு சி மேஜர். இதே கட்டைகளை வைத்துக்கொண்டு பஞ்சமத்தை ஷட்ஜமாக்கினால் என்ன வரும்? கிரகபேதம் பழகியவர்கள் உடனே அரிகாம்போதி என்பீர்கள். ஐரோப்பியர் அங்கே நிற்பதில்லை. பஞ்சமத்துக்குக் குடிபோன பிறகும் அவர்களுக்குச் சங்கராபரணமே வேண்டும். அதற்காக ஒரு சுரத்தை மாற்றுகிறார்கள். பழைய ஷட்ஜத்திலிருந்து பார்த்தால், சுத்த மத்தியமம் இருந்த இடத்தில் பிரதி மத்தியமம் வந்து உட்காருகிறது. நம் கிரகபேதத்தில் சுரங்கள் நிற்க, ராகம் மாறுகிறது. அவர்களிடம் ராகம் நிற்க, சுரங்கள் மாறுகின்றன. ஒரே ஒரு கறுப்புக் கட்டை ஒலித்தால் போதும், வீட்டை விட்டுக் கிளம்பிவிட்டோம் என்று பழகிய காதுக்குத் தெரிந்துவிடும். இனி நான் சொல்லப்போவது முழுக்க இந்தக் கறுப்புக் கட்டையைப் பற்றித்தான்.

பரோக் காலத்தின் தொடக்கத்துக்கு வருவோம். 1607இல் இத்தாலியின் மான்டுவா நகர அரண்மனையில் மொன்டவெர்டியின் ‘ஓர்ஃபியோ’ அரங்கேறியது. அதற்கு முந்தைய தலைமுறையின் தேவாலயப் பாடல்களில் நான்கைந்து குரல்கள் சம உரிமையோடு ஒன்றையொன்று பின்னிக்கொண்டு போகும். புதிய இசையில் மேலே ஒரு குரல் தனித்துப் பேசுகிறது, கீழே ஒரு குரல் அதைத் தாங்குகிறது. நம் திரையிசைக் கலைஞர்கள் பேஸ் என்று சொல்வது இந்தக் கீழ்க்குரலைத்தான். செல்லோ போன்ற ஒரு வாத்தியம் அதை வாசிக்கும். ஹார்ப்சிகார்டில் இருப்பவர் கண்முன்னேயும் அதே வரிதான் இருக்கும், சுரங்களுக்கு அருகே சில எண்களோடு. 6 என்று போட்டிருந்தால் இன்ன கார்டு (ஒருங்கே ஒலிக்கும் சுரக் கூட்டு), 7 என்றால் இன்ன கார்டு. அந்த எண்களைப் பார்த்து இடையிலுள்ள குரல்களையெல்லாம் அவர் அந்தக் கணத்திலேயே கற்பனை செய்து நிரப்ப வேண்டும். ஐரோப்பிய இசை என்றாலே எழுதிவைத்ததை அப்படியே வாசிப்பது என்று நம்மில் பலர் நினைக்கிறோம். ஏறத்தாழ 150 ஆண்டுகள் அவர்களுடைய இசையின் நடுப்பகுதி முழுவதும் மனோதர்மத்தில்தான் நின்றது.

கீழ்க்குரலே தலைமை ஏற்றதால் பரோக் இசைக்கு ஒரு நடை வந்தது. தாளத்தின் ஒவ்வோர் அடிக்கும் கீழ்க்குரல் ஒரு காலடி எடுத்து வைக்கிறது, கார்டும் கூடவே மாறுகிறது. ஒரு பகுதி எந்த மனநிலையில் தொடங்கியதோ அதிலேயே முடியும். கோபம் என்றால் கடைசிவரை கோபம். அடிச்சுருதி நகர்ந்துகொண்டே இருக்கும், ஆனால் அந்த நகர்வை யாரும் அறிவித்துச் செய்வதில்லை. வெனிஸில் ஆதரவற்ற சிறுமிகளை வளர்த்த பியெத்தா விடுதியில் வயலின் கற்பித்த விவால்டியை எடுத்துக்கொள்ளுங்கள். 1725இல் அச்சேறிய அவருடைய ‘நான்கு பருவங்கள்’ தொகுப்பில், ஆர்க்கெஸ்ட்ரா வாசிக்கும் தொடக்கப் பகுதி நம் பல்லவிபோலத் திரும்பத் திரும்ப வரும். ஆனால் வரும்போதெல்லாம் அதே ஷட்ஜத்தில் வராது. இடையில் தனி வயலின் பாடிக்கொண்டே புதிய ஷட்ஜத்துக்கு வழி திறந்துவிடும்.

அப்படி எவ்வளவு தூரம் போகலாம்? இங்கே சுருதி சேர்ப்பது பற்றி ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும். ஹார்ப்சிகார்டில் ஒவ்வொரு கட்டைக்கும் தனித் தந்தி. கச்சேரி நடுவே சுருதியை மாற்றிக்கொள்ள முடியாது. அன்று பரவலாக இருந்த முறையில், சி மேஜருக்கு அக்கம்பக்கமான சுருதிகளில் காந்தாரம் தேன்போல இனிக்கும். தள்ளியிருக்கும் சுருதிகளுக்குப் போனால் சில சுரங்கள் காதைக் கீறும். எல்லா இடத்திலும் கொஞ்சம் விட்டுக்கொடுத்து, எந்தக் கட்டையை ஷட்ஜமாக்கினாலும் சகிக்கும்படி சுருதி சேர்க்கும் முறைகள் 17ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் வளர்ந்தன. அந்தக் கதவு திறந்ததும் முழு வீட்டையும் சுற்றிப் பார்த்தவர் யோகான் செபாஸ்தியான் பாக். 1722இல் அவர் தொகுத்த ‘வெல்-டெம்பர்டு கிளாவியர்’ முதல் பாகத்தில் 12 கட்டைகளுக்கும் மேஜர் ஒன்று, மைனர் (சாதாரண காந்தாரம் உள்ளது) ஒன்று என 24 சுருதிகளுக்கும் ஒவ்வொரு முன்னிசையும் ஃபியூக்கும் இருக்கின்றன. சி மேஜர், சி மைனர், அடுத்து அரைச்சுரம் மேலே என்று வரிசை மாறாமல் ஏறிப் போகிறார். எங்கேயும் ஆபத்தில்லை, எல்லா அறையும் குடியிருக்கத் தக்கதுதான் என்று ஒரு பொறுமையான ஆசிரியர் காட்டிக்கொடுப்பதுபோல இருக்கும்.

(பதிவு: சி மைனர் ஃபியூக், முதல் பாகத்திலிருந்து.)

ஃபியூக்கில் கரு முதலில் ஒரே ஒரு குரலில், துணையில்லாமல் வரும். இரண்டாவது குரல் அதே கருவைப் பஞ்சமத்தின் தளத்தில் எடுக்கும், மூன்றாவது மறுபடியும் ஷட்ஜத்தில். மற்றவை பதில் பேசிக்கொண்டிருக்கும்போதே இது நடப்பதால் ஷட்ஜ–பஞ்சம உறவு ஓர் உரையாடலாக மாறிவிடுகிறது. பாக்கின் இன்னொரு படைப்பையும் குறிப்பிட வேண்டும், ஏனென்றால் கடைசியில் அது நமக்குத் தேவைப்படும். 1720இல் பிரதி செய்த தனி வயலின் படைப்புகளில் டி மைனரில் ஒரு ஷாகோன் இருக்கிறது. நான்கு பார் (நம் ஆவர்த்தம்போன்ற தாள அளவு) நீளமுள்ள ஒரு கீழ்க்குரல் அறுபது முறைக்கும் மேல் திரும்ப வருகிறது, மேலே கற்பனை மாறிக்கொண்டே போகிறது. நடுவில் மேஜருக்கு வெளிச்சமாகத் திறந்து, மறுபடி மைனரில் அடைகிறது. அடிச்சுருதி டி-யை விட்டு அசைவதே இல்லை. எல்லா இடத்துக்கும் போகத் தெரிந்த மனிதர் ஒரே இடத்தில் கால் மணி நேரம் நின்று எழுதியது அது. வயலினுக்கென்று எழுதப்பட்டவற்றில் இதற்கு மேல் ஒன்றை நான் கேட்டதில்லை.

1750இல் பாக் இறந்தபோது அடுத்த தலைமுறை ஏற்கெனவே வேறு பாதையில் இருந்தது. அவர்கள் செய்த முதல் காரியம் கீழ்க்குரலின் நடையைத் தளர்த்தியது. அடிக்கு ஒரு கார்டு என்பது போய், ஒரே கார்டு இரண்டு மூன்று பார் வரை நிற்கத் தொடங்கியது. பாக்கின் மகன்களுக்கே தந்தையின் நடை பழையதாகப் பட்ட காலம் அது. மேலோட்டமாகப் பார்த்தால் இசை எளிமையாகிவிட்டது என்று தோன்றும். உண்மையில் எப்போதும் நகர்ந்துகொண்டிருப்பதை நிறுத்தியதால்தான் நகர்வு ஒரு நிகழ்ச்சியானது.

(பியானோவில்: மோட்சார்ட், கே. 545 சொனாட்டா, முதல் பகுதி.)

1788இல் மோட்சார்ட் எழுதிய இந்த சி மேஜர் சொனாட்டாவைப் பியானோ பயிலும் பிள்ளைகள் எல்லோரும் வாசித்திருப்பார்கள். முதல் கரு சி-யில். பிறகு அந்தக் கறுப்புக் கட்டை, நம் கணக்கில் பிரதி மத்தியமம், ஒலிக்கிறது. இசை ஒரு நொடி நிற்கிறது. இரண்டாவது கரு பஞ்சமத்தை ஷட்ஜமாக வைத்துக்கொண்டு வருகிறது. பகுதி முழுதும் பெரியதொரு ஐயத்தில் நிற்கிறது, இரண்டு கருக்கள், இரண்டு அடிச்சுருதிகள், எது உண்மையான வீடு? நடுப்பகுதி அலைச்சல். கடைசியில் முதலில் கேட்டவை திரும்ப வரும்போது, அன்று வெளியூரில் கேட்ட இரண்டாவது கருவும் வீட்டுச் சுருதிக்கே வந்து சேருகிறது. சொனாட்டா வடிவம் என்று அட்டவணை போட்டுக் கற்பிக்கப்படுவது இதைத்தான். மோட்சார்ட் இங்கே ஒரு சாகசம் செய்கிறார். முதல் கருவை சி-யில் திருப்பாமல் மத்தியமத்தின் தளத்தில் திருப்புகிறார். வாசலுக்கு வந்துவிட்டோம் என்று நினைத்த காது பக்கத்து வாசலில் நிற்கிறது. இரண்டாவது கரு சி-யில் வந்த பிறகுதான் நிம்மதி.

வாத்தியங்களும் இந்த நாடகத்தில் பங்காளிகள். அன்றைய ஹார்னுக்கும் டிரம்பெட்டுக்கும் வால்வு கிடையாது. ஒரு குழாயின் இயற்கையான சுரங்கள் மட்டுமே அவற்றில் வரும். டிம்பனி முரசுகளை வீட்டுச் சுருதியின் ஷட்ஜத்துக்கும் பஞ்சமத்துக்கும் கட்டிவைப்பார்கள். இசை தொலைதூரச் சுருதிகளுக்குப் போகும்போது இவற்றுக்குச் சொல்ல அதிகம் இருக்காது. வீடு திரும்பியதும் பித்தளையும் முரசும் ஒருசேர முழங்கும். ஹைடன், மோட்சார்ட் சிம்பொனிகளில் அந்தத் திரும்பல் அவ்வளவு உறுதியாக ஒலிப்பதற்குக் காரணம் இசையமைப்பாளரின் கற்பனை மட்டுமன்று, அந்தக் குழாய்களின் நீளமும்தான்.

ஒலியின் ஏற்ற இறக்கம் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஹார்ப்சிகார்டில் விரலை எவ்வளவு அழுத்தினாலும் ஓசை ஏறாது. 1700 வாக்கில் பிளாரன்ஸில் கிறிஸ்டோஃபோரி சுத்தியலால் தந்தியைத் தட்டும் பியானோவைச் செய்தார். அது பரவலாக இன்னும் ஐம்பது அறுபது ஆண்டு ஆனது. ஜெர்மனியின் மன்ஹைம் ஆர்க்கெஸ்ட்ரா மெதுவாகத் தொடங்கிச் சீராக ஓசை பெருகும் வாசிப்புக்கு ஐரோப்பா முழுதும் பெயர் வாங்கியது. இடையிலுள்ள குரல்களை இசையமைப்பாளரே எழுதத் தொடங்கியதும், எண்களைப் பார்த்துக் கற்பனை செய்த ஹார்ப்சிகார்ட் கலைஞருக்கு ஆர்க்கெஸ்ட்ராவில் வேலை இல்லாமல் போயிற்று. அதை நான் ஓர் இழப்பாகவே கருதுகிறேன்.

வீடு திரும்பும் நாடகத்தை அதன் உச்சத்துக்குக் கொண்டுபோனவர் பீத்தோவன். 1803–04இல் எழுதிய மூன்றாவது சிம்பொனி, ‘எரோய்க்கா’. முதல் பகுதியில் நெடுந்தூரம் அலைந்த இசை, திரும்பும் தறுவாயில் வயலின்களின் மெல்லிய நடுக்கமாக ஒடுங்குகிறது. வயலின்கள் இன்னும் பஞ்சமத்தின் கார்டில் காத்திருக்கின்றன. அப்போது சில பார் முன்னதாகவே ஒரு ஹார்ன் வீட்டுச் சுருதியில் கருவை வாசித்துவிடுகிறது. முதல் ஒத்திகையில் பக்கத்தில் நின்ற மாணவர் ரீஸ், ஹார்ன்காரர் எண்ணிக்கை தவறிவிட்டார் என்று சொல்ல, பீத்தோவனிடம் அறை வாங்கவிருந்தார் என்று அவரே எழுதிவைத்திருக்கிறார். அந்த ஹார்ன் தவறவில்லை. திரும்பும் ஆசை காலத்தை முந்திக்கொண்டது.

ஏறத்தாழ அதே காலத்தில் நம் பக்கத்தில் நடந்த ஒன்றைச் சொல்லாமல் போகக் கூடாது. பீத்தோவனின் காலத்தவரான முத்துசாமி தீட்சிதர், ஆங்கிலேயரின் பேண்டு இசையில் கேட்ட மெட்டுகளுக்குச் சங்கராபரணத்தில் நோட்டுசுர சாகித்தியங்களை இயற்றினார். அவர் தம்பி பாலுசாமி தீட்சிதர் வயலினைக் கர்நாடக இசைக்குள் கொண்டுவந்தார். மெட்டு வந்தது, வாத்தியம் வந்தது. அடிச்சுருதியின் பயணம் மட்டும் வரவில்லை. தம்பூரா இருக்கும் வீட்டில் அதற்கு வேலையும் இல்லை.

ரொமான்டிக் காலத்துக்கு வருகிறேன். ஷூபர்ட் 31 வயதில் இறந்த 1828இல் எழுதிய சி மேஜர் ஐவரிசையில், இரண்டு செல்லோக்கள் சேர்ந்து பாடும் இரண்டாவது கருவைக் கவனியுங்கள். மோட்சார்ட் வழியில் அது பஞ்சமத்தில் வந்திருக்க வேண்டும். ஷூபர்ட் அதைச் சாதாரண காந்தாரத்தின் தளத்தில் வைக்கிறார். அங்கே போகப் படிக்கட்டுகூடக் கட்டவில்லை. ஒரே ஒரு சுரத்தைப் பிடித்துக்கொண்டு கீழிறங்கிவிடுகிறார். அந்த இடத்தில் மனம் இளகாதவர் இருக்க முடியாது என்றே நினைக்கிறேன். உணர்ச்சி என்று பொதுப்பட நாம் சொல்வது, நுணுகிப் பார்த்தால், எதிர்பாராத அடிச்சுருதியில் கால் பதிப்பதுதான்.

வால்வு பொருத்திய ஹார்ன் 1818இல் காப்புரிமை பெற்றது. பித்தளை வாத்தியங்கள் வீட்டுச் சுருதியின் காவலர்களாக இருந்த நிலை மெல்ல மாறியது. எந்தச் சுருதிக்கும் அவை கூடவே போகலாம். பியானோ இரும்புச் சட்டம் பெற்றுப் பெரிய அரங்குகளை நிரப்பியது. வழிகள் எல்லாம் திறந்த பிறகு, வீடு திரும்பத்தான் வேண்டுமா என்ற கேள்வி எழுந்தது.

1839இல் வெளியான ஷோபானின் 24 முன்னிசைகள் பாக்கை மனத்தில் வைத்தவை. ஆனால் பாக்போல அரைச்சுரமாக ஏறாமல், பஞ்சமத்துக்குப் பஞ்சமமாகச் சுற்றி வருகிறார். இரண்டாவது முன்னிசை ஏ மைனர் என்று பெயர். கேட்டால் ஏ மைனர் எங்கே என்று தேட வேண்டியிருக்கும். கடைசியில்தான் அந்தக் கார்டு வந்து சேர்கிறது. 1840இல் ஷூமன் ஹைனேயின் கவிதைகளுக்கு இசையமைத்த ‘கவிஞனின் காதல்’ தொகுப்பில் முதல் பாட்டு அதையும் தாண்டுகிறது. பஞ்சமத்தின் கார்டில், பதிலை எதிர்நோக்கியபடியே நின்றுவிடுகிறது. ஷட்ஜம் வருவதே இல்லை.

(பியானோவில்: அந்தப் பாட்டின் கடைசி வரி.)

வாக்னர் இதை ஒரு முழு இரவுக்கு நீட்டினார். ‘டிரிஸ்டன்’ இசைநாடகத்தை வியன்னாவில் 70க்கும் மேற்பட்ட ஒத்திகைகளுக்குப் பிறகு மேடையேற்ற முடியாது என்று கைவிட்டார்கள். 1865 ஜூன் 10 அன்று மியூனிக்கில் ஹான்ஸ் ஃபான் பியூலோ நடத்த அரங்கேறியது. தொடக்கத்தில் ஒலிக்கும் புகழ்பெற்ற கார்டு இன்னொரு தவிப்பான கார்டில் போய் முடிகிறது. அது எந்த ஷட்ஜத்தைக் கேட்கிறதோ அது அங்கே வரவில்லை. இரண்டாவது அங்கத்தில் காதலர்களின் பாட்டு முடிவை நெருங்கும் வேளையில் குறுக்கீடு வந்து அறுந்துபோகிறது. அறுந்த அந்த இசை மூன்றாவது அங்கத்தின் முடிவில்தான், நாயகன் இறந்த பின்பு நாயகியின் பாட்டில் பூர்த்தியாகிறது. தொடக்கத்துக் கார்டிலிருந்து கணக்கிட்டால் ஏறத்தாழ நான்கு மணி நேரக் காத்திருப்பு. இப்படி ஒருவர் செய்த பிறகு ஷட்ஜத்தின் ஆட்சி நெடுநாள் நீடிக்க முடியாதுதான். 1908இல் ஷோன்பெர்க் தம் இரண்டாவது நால்வரிசையின் கடைசிப் பகுதியைச் சுருதிக் குறியே போடாமல் எழுதினார்.

ஆனால் அந்த வழி மட்டுமே ரொமான்டிக் காலம் இல்லை. 1829 மார்ச் 11 அன்று, 20 வயதான மெண்டல்சோன் பெர்லினில் பாக்கின் மத்தேயு பாடுகளை மறுபடி ஒலிக்கச் செய்தார். அதன்பின் அந்த நூற்றாண்டு முழுதும் பாக்கும் உயிருள்ள சமகாலத்தவராகவே இருந்தார். நான் முன்பு சொன்ன வயலின் ஷாகோனைப் பிராம்ஸ் பியானோவில் இடது கைக்கு மட்டுமாக மாற்றி எழுதினார். அவருடைய நான்காவது சிம்பொனி 1885 அக்டோபர் 25 அன்று மைனிங்கனில், டிரிஸ்டனை நடத்திய அதே பியூலோவின் ஆர்க்கெஸ்ட்ராவில், பிராம்ஸே நடத்த முதன்முறையாக ஒலித்தது. அதன் கடைசிப் பகுதியை இப்போது முழுதாகக் கேட்கப்போகிறோம். ஏறத்தாழ பத்து நிமிடம். அதற்கு முன் காதுக்குச் சில குறிப்புகள்.

பாக்கின் 150ஆம் கான்டாட்டாவின் கீழ்க்குரல் ஒன்றைப் பிராம்ஸ் கருவாக எடுத்துக்கொண்டார். எட்டு பார், பாருக்கு ஒரு சுரம். ஈ-யை ஷட்ஜமாக வைத்தால் ச, ரி, சாதாரண காந்தாரம், சுத்த மத்தியமம், பிரதி மத்தியமம், பஞ்சமம், மறுபடி பஞ்சமம், ச. அந்தப் பிரதி மத்தியமம் பாக்கிடம் இல்லை, பிராம்ஸ் சேர்த்தது. சுத்த மத்தியமத்தை அடுத்து அது வரும்போது, வீட்டை விட்டுக் கிளம்பும் அந்தப் பழைய அறிகுறி ஒரு நொடி மின்னுகிறது. ஆனால் கரு எங்கேயும் போகாமல் பஞ்சமத்தில் ஏறி ஷட்ஜத்துக்கே திரும்புகிறது. இப்படி 30 மாற்றங்கள். முதல் மூன்று பகுதிகளிலும் மௌனமாக உட்கார்ந்திருந்த டிராம்போன்கள் இங்கே முதல் பாரிலேயே எழுகின்றன. நடுவில் ஒரு தனிப் புல்லாங்குழல் வரும், அதையடுத்து ஈ மேஜருக்குத் திறக்கும், டிராம்போன்கள் தாழ்ந்த குரலில் பாடும். பாக்கின் ஷாகோனிலும் நடுவில் மேஜர் திறந்தது நினைவிருக்கட்டும். பிறகு கரு மைனரில் முழுப் பலத்தோடு திரும்பும். மைனரில் தொடங்கிய பீத்தோவனின் ஐந்தாவது சிம்பொனி மேஜரில் வெற்றி முழக்கத்தோடு முடியும். பிராம்ஸ் அந்த ஆறுதலைத் தரவில்லை. ஈ மைனரில் தொடங்கியதை ஈ மைனரிலேயே முடிக்கிறார். முதல் எட்டு சுரங்களைத் தவறவிடாதீர்கள். முதலில் அவை மேலே, காற்று வாத்தியங்களில் இருக்கும், பிறகு கீழே இறங்கிவிடும். எங்கே இருந்தாலும் அவற்றையே பின்தொடருங்கள்.

(பதிவு: பிராம்ஸ், நான்காவது சிம்பொனி, நான்காம் பகுதி.)